ஒரு கட்டம்கூடக் காலியில்லை

நான் பல் செட் கட்டுகிறவள். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். பயப்படத் தேவையில்லை. வாயில் இருக்கிற பல்லில் எனக்கு எந்த அக்கறையும் கிடையாது, இல்லாத பல்லைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். எங்கள் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து அந்த அளவுக்கு அச்சு வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கித் திருப்பி அனுப்புவோம். பல்லை நடுகிற வேலை என்னுடையது. பதினாறு வருடமாகச் செய்கிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல்லை வெள்ளைவெளேரென்று, வரிசை பிசகாமல் நட்டுவிட்டால் தெருமுனையில் வரும்போதே பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். முன்பல் ஒன்றை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். கீழ்வரிசையில் ஒன்று இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். கடைவாய் ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்ட வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்கள் நம்புவார்கள். நான் நட்ட பல்லை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இரண்டாம் கல்யாணமே செய்துகொண்டார். பெண் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது என்று கேள்வி.

ஆக, வேலையில் நான் கெட்டிக்காரி. வேலைக்குப் போய்ச் சேருவதில்தான் இடிக்கும்.

எங்கள் கூடம் காலை ஏழரைக்குத் திறக்கும். முதலாளியம்மா நடுமேசையில் பெட்டிகளைத் திறந்து, இன்றைக்கு யாருக்கு எந்த வாய் என்று பங்கு போடுவார். அந்த நேரத்தில் ஆறு பேரும் சுற்றி நிற்க வேண்டும். அது அவர் சட்டம். ஐந்து பேர் நிற்பார்கள். நான் எட்டேகாலுக்கு, சில நாள் எட்டே முக்காலுக்கு, தலையை வாரியும் வாராமலும் போய்ச் சேருவேன். என் பங்கு மேசை ஓரத்தில் தனியாகக் காத்திருக்கும்.

காரணம் சோம்பேறித்தனம் என்றுதான் நானும் முப்பத்தாறு வயது வரை நினைத்திருந்தேன். அதன் பிறகுதான் ஒரு டாக்டர், இரண்டு மணி நேரம் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டு, எனக்குக் கவனக்குறைபாடு என்று சொன்னார். பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கவனம் எனக்குக் குறைவே இல்லை. எக்கச்சக்கமாக இருக்கிறது. நான் அனுப்புகிற இடத்துக்கு அது போவதில்லை, அவ்வளவுதான். இந்தக் கோளாறு இருக்கிற பலருக்கு உடம்பின் கடிகாரமே பின்தங்கி ஓடும் என்றும் அவர் சொன்னார். ஊர் உறங்குகிற வேளையில்தான் அவர்களுக்கு மூளை தெளியுமாம். அதைக் கேட்டபோது மட்டும் அழுகை வந்தது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து வாங்கிய திட்டையெல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

என் ராத்திரிகள் இப்படித்தான். பகலெல்லாம் தூங்கி வழிகிற மூளை, பத்து மணிக்கு மேல் கடையைத் திறக்கும். படுக்கப் போகலாம் என்றுதான் எழுந்திருப்பேன். போகிற வழியில் கரண்டிகள் இருக்கிற இழுப்பறை கண்ணில் படும். அதை ஒழுங்குபடுத்தினால் என்ன என்று தோன்றும். பாதியில் ஒரு பழைய திருகாணி கிடைக்கும். அது எதன் திருகாணி என்று தேடத் தொடங்கினால் மணி ஒன்றரை. பிறகு படுத்தாலும் கண் மூடாது. ஒருநாள் ஒட்டகத்துக்கு எத்தனை பல் என்று பார்க்கப் போய், விடிகிற வரைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு.

என் அக்கா தொலைபேசியில் சொல்வாள், "விளக்கை அணைச்சிட்டுக் கண்ணை மூடுடி, தூக்கம் தன்னால வரும்" என்று. அவளுக்கு வரும். அவள் பேருந்தில் நின்றுகொண்டே தூங்குகிற ரகம்.

என் வீட்டுக்காரரும் அந்த ரகம்தான். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று நாள் முழுக்கக் குறிப்பவர். ஒன்பதரைக்குப் படுப்பார், ஐந்துக்கு எழுவார். படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். அந்தத் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நான் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. செருப்பை வீட்டு முன்னறையிலேயே கழற்றிவிடுவேன். கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பக்கவாட்டில் நுழைவேன். போர்வையை விரல் விரலாக உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே சரிவேன். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் விழித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிய வண்டி, போன மாதம் நின்றது. ஒரு தாத்தாவின் மேல்வரிசைக்கு நான் இரண்டு இடப்பக்க முன்பல்லை நட்டு அனுப்பிவிட்டேன். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்து, கண் சொக்கச் சொக்க நட்டிருக்கிறேன். பல் டாக்டர் திருப்பி அனுப்பிய பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. 'தாத்தா கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்க மறுக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

"உன் கை மாதிரி கை எனக்குக் கிடைக்காதும்மா. ஆனா உனக்கு மட்டும் தனி நேரம் குடுத்தா மத்த அஞ்சு பேரும் என்னைக் கேப்பாங்க இல்ல? ஏதோ கோளாறுன்னு சொல்றியே, டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. காலைல ஏன் முடியாது, எத்தனை மணிக்கு வந்தா முடியும்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும். அப்போ நான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிறேன்."

"சரிங்கம்மா."

"மூணாவது திங்கக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள கடிதம் வரலன்னா அன்னைக்கே வேற ஆள் பாத்துக்குவேன். மனசு கஷ்டப்படாத."

கஷ்டப்படாமல் இருக்க முடியுமா? அந்த மேசையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேறு எந்த வேலையிலும் நான் ஒரு வருடம் தாக்குப்பிடித்ததில்லை. மெழுகும் பல்லும் கையில் இருக்கிற நேரத்தில்தான் என் தலைக்குள் இரைச்சல் அடங்கும். அதை இழந்தால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாளே டாக்டரிடம் ஓடினேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், எப்போதும் பேனாவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். பதினான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் படுத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் விழித்தது, எழுந்தது, பகலில் கண்ணயர்ந்தது, தேநீர் எத்தனை என்று ஆறு கட்டம்.

"பதினாலு நாள் தினமும் காலைல எழுந்ததும் நிரப்புங்க. அதை வச்சுத்தான் நான் கடிதம் எழுத முடியும். சும்மா வாயால சொன்னதுக்குக் கையெழுத்துப் போட முடியாது, பாருங்க."

"கண்டிப்பா நிரப்பிடறேன் டாக்டர்" என்றேன். சொல்லும்போது மனதார நம்பித்தான் சொன்னேன். நான் எப்போதும் நம்பித்தான் சொல்வேன்.

அந்தத் தாள் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது, டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ராத்திரி பத்தேமுக்காலுக்கு. நினைவுக்கு வந்ததே தவிர தாள் அகப்படவில்லை. பை, அலமாரி, மெத்தைக்கு அடியில், எங்கும் இல்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையின் காலடியில் இருந்தது. மேசை ஆடுகிறது என்று நாலாக மடித்து நானே முட்டுக் கொடுத்திருந்தேன்.

பிரித்து நீவினேன். பதினான்கு வரிசையும் வெள்ளையாக என்னைப் பார்த்தன. நினைவிலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தால், முந்தாநாள் எப்போது படுத்தேன் என்ற கேள்விக்கு 'ராத்திரி' என்பதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர். திங்கட்கிழமை புது ஆள்.

அப்போதுதான் எனக்குள் இருக்கிற பல் கட்டுகிறவள் விழித்துக்கொண்டாள். இல்லாததை இருப்பதுபோலச் செய்வது என் தொழில்தானே?

மூன்று பேனாக்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று மை தீருகிற தறுவாயில் இருப்பது. பதினான்கு நாளும் ஒரே பேனாவால் எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்? மோசமாகத் தூங்கிய நாள்களுக்கு எழுத்தைக் கோணலாக்கினேன். ஏழாவது நாளில் ஒரு நேரத்தை அடித்துத் திருத்தினேன். ஒன்பதாவது நாளின் ஓரத்தில் தேநீர்க் கோப்பையை வைத்து வட்டமாகக் கறை பதித்தேன். முதல் வட்டம் அளவுக்கு மீறி முழுமையாக இருந்ததால் ஈரத்துணியால் பாதியைத் துடைத்தேன். புதன்கிழமை எதிர்வீட்டு நாய் குரைத்தது என்று எழுதினேன். எதிர்வீட்டில் நாய் கிடையாது. சனிக்கிழமை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பதின்மூன்றாம் நாள் சீக்கிரம் தூங்கிவிட்டேன், எனக்கே சந்தோஷமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி எனக்கு அவ்வளவு நன்றாகப் போயிற்று. ஒரு வரிசையை முடித்ததும் அடுத்த வரிசைக்கு ஆசை வந்தது. பதினான்காவதில் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டுத் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னால் படுக்கையறைக் கதவு திறந்தது. மணி ஐந்து.

"அதுக்குள்ள எந்திரிச்சிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. இன்னைக்கு டாக்டர்கிட்ட போகணுமே."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பல் தேய்க்கப் போனார். என்னைத் தனியாக அனுப்பினால் நான் பாதி வழியில் வேறெங்காவது இறங்கிவிடுவேன் என்று அவர் அன்றைக்கு அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார்.

மருத்துவமனையில் அவர் வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் தாளோடு உள்ளே போனேன். டாக்டர் அதை வாங்கி மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். நாய் வந்த இடத்தில் அவர் முகம் பரிதாபப்பட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

"நன்றி டாக்டர்."

"பதினாலு நாளும் இருக்கு."

"ஆமாங்க டாக்டர்."

"ஒரு கட்டம்கூடக் காலியில்ல."

"கஷ்டப்பட்டுத்தான் டாக்டர் நிரப்பினேன்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "நான் ஆறு வருஷமா இந்தத் தாளைக் குடுத்துட்டிருக்கேன். உங்க மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து எப்படியெல்லாம் திரும்பி வரும் தெரியுமா? மூணு நாள் எழுதி நின்னிருக்கும். சலவை மெஷின்ல போட்டு உருண்டையா வரும். ஒருத்தர் தன் பேரை மட்டும் அழகா எழுதிட்டு வந்தார். இன்னொருத்தர் பின்பக்கத்துல படகு வரைஞ்சிருந்தார். பதினாலு நாளும் முழுசா நிரம்பி ஒண்ணுகூட வந்ததில்ல. சொல்லுங்க, இதை எப்போ எழுதினீங்க?"

பல்லைத் திருப்பத் தெரிந்த எனக்கு, ஒரு பல்லை விட்டுவைக்கத் தெரியவில்லை. நாலு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் போதும், தப்பித்திருப்பேன்.

"நேத்து ராத்திரி" என்றேன்.

"முழுசுமா?"

"முழுசும்."

"எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

"படுக்கவே இல்ல டாக்டர்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார். எனக்கோ அவமானத்தில் காது சுட்டது. தூக்கம் வரவில்லை என்று நிரூபிக்கிற பொய்யை, தூங்காமல் உட்கார்ந்து செய்திருக்கிறேன். உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா?

"உங்க நிலைமை எனக்குப் புரியுது" என்றார் டாக்டர். "ஆனா இதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. பொய்னு தெரிஞ்சே எப்படிப் போடறது? இன்னொரு தாள் தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"திங்கக்கிழமை எனக்கு வேலை போயிடும் டாக்டர்." மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு புதுத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "வீட்ல வேற யாராவது இருக்காங்களா? நீங்க எப்போ படுக்கறீங்கன்னு தெரிஞ்சவங்க?"

"வீட்டுக்காரர் இருக்கார். ஆனா அவருக்கு ஒண்ணும் தெரியாது. தலைமாட்டுல மேளம் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டார்."

"எதுக்கும் கூப்பிடுங்க, கேட்டுப் பாப்போம்."

வீட்டுக்காரர் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். தாளையும் காட்டினார். அவர் அந்தத் தேநீர்க் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்? தோராயமாச் சொன்னாக்கூடப் போதும். கடைசி ரெண்டு வாரத்துல இவங்க எப்போ தூங்கினாங்க?"

அவர் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். வீட்டில் எதையாவது சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"சொன்னா இவ வருத்தப்படுவா டாக்டர்."

"சொல்லலன்னா எனக்கு வேலை போயிடும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு, பணிமனையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"முந்தாநாள் செவ்வாய். படுத்தது ரெண்டு பத்து, தூங்கினது மூணு அஞ்சு. திங்கள் ஒண்ணு நாப்பது, தூங்கினது ரெண்டரை. ஞாயிறு மூணு இருபது, படுத்ததும் தூங்கிட்டா. சனி ரெண்டு மணி, நடுவுல எழுந்து போய்த் தண்ணி குடிச்சா, தூங்கினது மூணே முக்கால்."

டாக்டர் பேனாவைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். புதுத் தாளில் அவர் கீழிருந்து மேலாக எழுத எழுத இவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் மட்டும் நின்றார்.

"முதல் வாரம் வியாழக்கிழமை தெரியாது. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டேன்."

"பரவாயில்ல. அதைக் காலியாவே விட்டுடறேன்." அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து டாக்டர் தலையை ஆட்டினார். "இப்போதான் நிஜமாத் தெரியுது. எப்படி சார் இவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

"இவ படுக்கறப்போ கட்டில் அசையும் டாக்டர். முழிப்பு வந்துடும். கண்ணைத் திறந்தா எதிர்ல கடிகாரம். எது அசைஞ்சாலும் மணி பாக்கறது எங்க பிழைப்பு, விட முடியறதில்ல."

"தூங்கின நேரம்?"

"மூச்சு மாறும். அதுக்கப்புறம் நானும் தூங்கிடுவேன்."

அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. ஒரு சாண் திறந்த கதவு, விரல் விரலாக உயர்த்திய போர்வை, பிடித்துவைத்த மூச்சு, ஒன்பது வருட கர்வம் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்து விழுந்தது. நான் ஓசைப்படாமல் படுத்த ஒவ்வொரு ராத்திரியும் இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்திருக்கிறார்.

டாக்டர் கடிதம் எழுதினார். காலை எட்டரைக்கு, விடுமுறை நாளானாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், எழுந்ததும் அரைமணி வெளிச்சத்தில் நடக்க வேண்டும், பத்தரைக்கு வேலை தொடங்கினால் கண்டிப்பாக முடியும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அதை வாங்கிப் பையில் வைக்கப் போனேன். வீட்டுக்காரர் கையை நீட்டிப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது நியாயம்தான்.

வெளியே மாடிப்படியில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஒன்பது வருஷம்! வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ சோபாவுல போய்ப் படுத்துக்குவ."

"படுத்திருப்பேன்தான்!"

"அதுக்குத்தான் சொல்லல" என்றபடி அவர் படியிறங்கினார்.

திங்கட்கிழமை முதலாளியம்மா கடிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பல்லின் நிறம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு நடுமேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இனிமே இவளுக்குப் பத்தரை மணி. பத்து முப்பத்தொண்ணு ஆச்சுன்னா கதவு மூடிடும். சாயங்காலம் எல்லாரும் போனதுக்கப்புறம் மிச்ச வேலையை முடிச்சுக் கூடத்தைப் பூட்டறதும் இவதான்."

அச்சு வார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், தலைமுதல் கால்வரை எப்போதும் வெள்ளைத் தூளாக இருப்பதால் அவரை எல்லோரும் மாவு அண்ணன் என்போம். "அந்த டாக்டர் விலாசத்தைக் குடு தங்கச்சி" என்றார். "எனக்கும் ஒரு கடிதாசி வேணும். எனக்குச் சாப்பிட்டதும் தூக்கம் வருது."

"அதுக்குப் பேர் வேற அண்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியம்மா உட்பட. எனக்கு உடம்பு லேசானது.

மூன்று வாரமாகப் பத்தரைக்குப் போகிறேன். ஒரே ஒரு நாள்தான் கதவு மூடிக்கொண்டது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் கூடம் வெறிச்சோடும். தேய்க்கிற யந்திரங்கள் நின்றுவிடும். மேசை விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்து நடுகிற பல்லுக்கு இப்போது டாக்டர்களிடமிருந்து வேறு மாதிரிச் சீட்டுகள் வருகின்றன. காலை நடை பாதி நாள்தான் நடக்கிறது. ராத்திரி இன்னும் இழுப்பறைகள் கூப்பிடத்தான் செய்கின்றன. ஆனால் விடிந்தால் தொலைந்தோம் என்ற பயம் போய்விட்டதில், ஒன்றரைக்கெல்லாம் கண் சொக்குகிறது. எனக்கு அது சீக்கிரம்.

ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கடிதம் அவருடைய தூக்கத்தைக் கொடுத்து வாங்கியது. என் வேலை பிழைத்ததற்கு அவர் இனியும் விழித்திருக்க வேண்டுமா? சம்பளம் வந்த அன்றே கடைக்குப் போய் ஒற்றைக் கட்டில்கள் இரண்டு வாங்கிவிட்டேன். பெரிய கட்டிலை மாவு அண்ணனின் மகளுக்குக் கொடுத்தேன்.

"எதுக்கு இந்தச் செலவு?" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "நல்லாத்தானே இருந்தது."

"நீங்க பேசக் கூடாது. ஒன்பது வருஷம் பேசாம இருந்தீங்க இல்ல, இன்னும் கொஞ்ச நாள் இருங்க."

இரண்டு கட்டிலையும் ஒரு கை அகல இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்றை உலுக்கிப் பார்த்தேன், மற்றது அசையவில்லை. ஒன்பதரைக்கு அவர் தன் கட்டிலில் படுத்தார். நான் ஒன்று இருபத்தைந்துக்குப் போய் என் கட்டிலில் சரிந்தேன். அவர் கட்டில் கல்லாக நின்றது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை என்று நிம்மதியாக மூச்சை விட்டேன்.

"வந்துட்டியா?" என்றது இருட்டு.

தூக்கிவாரிப்போட்டது. "நீங்க இன்னும் தூங்கலையா?"

"ரெண்டு தடவை முழிப்பு வந்தது. கட்டில் அசையவே இல்ல. நீ வந்தியா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"கண்ணைத் திறந்து பாக்க வேண்டியதுதானே!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போர்வைக்குள்ளிருந்து காலை நீட்டி, இடைவெளியைத் தாண்டி, அவர் கட்டிலை ஒரு உதை விட்டேன். கட்டில் நன்றாகவே ஆடியது.

"ஒண்ணு இருபத்தேழு" என்றார்.

காலை எடுக்காமல் அப்படியே படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு நீண்டது, பிறகு கனத்தது, ஓரத்தில் ஒரு சின்னச் சீழ்க்கை சேர்ந்துகொண்டது. ஒன்பது வருடத்தில் அவர் தூங்கிப்போவதை நான் கேட்டது அன்றுதான்.